எஞ்சினுக்கு வைத்த பொட்டு

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மெக்கானிக்காக இருந்த காலம். தோட்ட மேலாளரான துரையின் பங்களாவிலிருந்த புல் வெட்டும் மிஷினில் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றுவேன், சில நாளில் மறுபடி ஒழுகும். எண்ணெய் குறைந்து பேரிங்கும் தேய்ந்துபோகும்.

மிஷினை ஓட்டியவர் ராமசாமி. கால் ஊனமானதால் மலையேறிச் செய்யும் தேயிலை வேலையிலிருந்து பங்களாவுக்கு மாற்றப்பட்டவர்.

எண்ணெய் ஏன் குறைகிறது என்று அவரிடம் கேட்டேன். “அளவாத்தாங்கய்யா எண்ண ஊத்துறேன்” என்றார்.

“அப்ப அதக் குடிக்கிறது எஞ்சினா, நீயா?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று துரையிடம் சொன்னேன். துரை அவரைத் திரும்ப மலைக்கு அனுப்பிவிட்டார்.

அவர் போன பிறகும் ஒழுகியது. எஞ்சினை முழுக்கக் கழுவ உட்கார்ந்தபோதுதான் கண்டேன். ஆயுதபூசையன்று நானே வைத்த சந்தனப் பொட்டு, எஞ்சின் காற்றை வெளிவிடும் சிறு துவாரத்தின் மேல் இறுகிக் கிடந்தது. பூசைப் பொட்டை அழிக்கக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றியே துடைத்திருக்கிறேன். உள்ளே அடைபட்ட காற்றுதான் எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. பொட்டைச் சுரண்டி எடுத்தேன், ஒழுகல் நின்றது. துரை பாராட்டினார். பொட்டை மறைத்துவிட்டுப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

பிறகொரு நாள் மலைப் பாதையில் ராமசாமி கம்பை ஊன்றி ஏறி வந்தார்.

“மிஷின் இப்ப ஒழுகலையாமுங்களே. நாந்தான் ஏதோ தப்பா ஊத்திட்டேன் போலங்கய்யா. மனசுல வச்சுக்காதீங்க.”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் ஆமென்பதுபோல் தலையாட்டினேன். அவர் காலை இழுத்தபடி மேலே போனார். இந்த வயதிலும் அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.