அக்கா பார்க்காத முகம்

மயிலாப்பூர்ப் பட்டிமன்றம் ஒன்றில் தாய்மையைப் பற்றிப் பேசி முதற்பரிசு வென்றவள் நான். எதிரணி அடுக்கிய வாதங்களை ஒவ்வொன்றாகத் தகர்த்து, தாயன்புக்கு நிபந்தனையே கிடையாது என்று நான் முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்த மழைக்காலத்தில்தான், கோட்டூர்புரத்து ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஒற்றை அறைக்கு அக்காவின் குழந்தை வந்து சேர்ந்தது.

குறைமாதப் பெண்குழந்தை. துணியில்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்தே வைத்திருந்தால்தான் சூடு தங்கும், எடை ஏறும், பிழைக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவோ அடையாற்றில் இரண்டு வீடுகளுக்குச் சமைப்பவள். விடுப்பு நீண்டால் வேறு ஆள் வந்துவிடும். கணவன் போன இடம் தெரியாது. ஆகவே கல்லூரியை நிறுத்திவிட்டு, பகலெல்லாம் குழந்தையைச் சுமக்கும் நெஞ்சு என்னுடையதாயிற்று. அவள் பீய்ச்சி வைத்துப்போன பாலைச் சங்கில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன்.

குழந்தை பார்க்க எவரும் வரவில்லை. அக்காவின் முந்தைய குழந்தை தவழுமுன்பே இறந்ததை எங்கள் சந்து முழுதும் அறியும். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலைக் கடந்து போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, பழைய மேடைப் பேச்சுகளைத் தணிந்த குரலில் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தூங்கியதும் பேச ஆளின்றிப் போகும்.

மாலையில் அக்கா சுவரைப் பார்த்தபடியே பால் கொடுப்பாள். பெயரும் வைக்கவில்லை. ஒருநாள் என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"பெத்தவ ஒரு வாட்டி மூஞ்சியப் பாக்க மாட்டியா?"

"தோ பாரும்மா, பேச்சாளர் அம்மா! போன தபா மூஞ்சியப் பாத்துக்கினு, கொஞ்சிக்கினு கெடந்தேன். இன்னாத்தக் கண்டேன்? பால் குடுக்கறேன்ல? கைதட்டு வேணும்னா மயிலாப்பூருக்குப் போ."

பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கி மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அடுத்த எடை பார்க்கும் நாளன்று இருவரும் போனோம். நர்ஸ் குழந்தையைத் தட்டில் கிடத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா ஏறியிருக்கும்மா. இனிமே பயமில்ல."

நான் நீட்டிய கைகளுக்கு முன்பாக அக்காவின் கைகள் போய்விட்டன. குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு அந்தப் பாவிய மாறியே கீது," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை.

பேருந்திலும் குழந்தையை என்னிடம் தரவில்லை. "நாளைலேர்ந்து நானே வேலைக்குத் தூக்கிக்கினு போறேன். சமையக்கட்டு ஓரமா படுத்துக்கும். நீ காலேஜுக்குப் போ."

ஜன்னல் காற்று நெஞ்சில் சில்லென்று பட்டது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.