முதலில் இறங்குகிற கிடா

சமையல் வேலை என்று சொல்லித்தான் அந்த ஏஜென்ட் பாவி என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினான். போய் இறங்கியதும் பட்டாளத்து உடுப்பை மாட்டிவிட்டார்கள். எங்கள் குழுவில் தானாக விரும்பிச் சேர்ந்தவன் ஆராம் என்ற ஆர்மீனியன் மட்டும்தான். என்னைப் போலவே அவனும் ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை. போனில் தன் மந்தையைக் காட்டிச் சிரிப்பான்.

ஒருநாள் கண்ணிவெடி புதைத்த வயலைக் கடக்க வேண்டியிருந்தது. யாரும் நகரவில்லை. அதிகாரி என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். ஓடையைக் கண்டு மந்தை மிரண்டால், ஊரில் நாங்களும் ஒரு கிடாவை இப்படித்தான் தள்ளுவோம். அது இறங்கினால் மற்றதெல்லாம் பின்னால் இறங்கிவிடும்.

ஆராமுக்கும் அது புரிந்திருக்கும். என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு அவன் நடந்தான். வயலின் மறுகோடியை நெருங்கும்போது கண்ணி வெடித்தது. அவனைத் தூக்க அதிகாரி விடவில்லை. அவன் காலடித் தடத்திலேயே மிதித்து, அலறிக்கொண்டு கிடந்தவனைத் தாண்டிப் போனோம்.

பிறகு நானும் காயம்பட்டு, எங்கள் ஊர் பசுவந்தனைக்குத் திரும்பி ஆடு மேய்க்கிறேன். போன மழைக்கு ஓடையில் தண்ணீர் வந்து மந்தை நின்றுவிட்டது.

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? கிடாவ முன்னால தள்ளுலே" என்றார் அப்பா.

கிடா திரும்பி என்னைப் பார்த்தது. யோசிக்காமல் அதன் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினேன்.