ப்ளக்க புடுங்கியும் பாடுன செட்டு

போன்ல இருக்குற பாட்ட வீட்டு செட்டுல கேக்க வைக்கிறது அஞ்சு நிமிஷ வேலைனு மொதல்ல சொன்ன ஆள நான் ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்கேன், உங்க கண்ணுல பட்டா புடிச்சி வைங்க.

ஏ.எல். படிப்ப பாதியில விட்டுட்டு நான் பாத்த வேலை ஒன்னும் நெலைக்கல. பேக்கரி, பஸ்ஸு, போன் ரிப்பேர்னு சுத்தி, இப்ப பதுளை பஜார்ல ரிஸ்வி நானாவோட செட்டு கடை. பழைய செட்டுக்கு பின்னாடி தீப்பெட்டி மாதிரி ஒரு ப்ளூடூத் பொட்டிய சொருகினா, போன்ல இருந்து வயர் இல்லாம பாட்டு வரும். நானா விப்பாரு, நான் வீடு வீடா போயி பூட்டுவேன். இதுவும் போச்சுன்னா கொழும்புல மாமாவோட அரிசி கடைதான்னு அம்மா முடிவா சொல்லிட்டாங்க. அங்க படுக்கிறதும் மூட்டை மேல, மாமாகிட்ட ஏச்சு வாங்குறதும் மூட்டை மூட்டையா. இது நானாவுக்கும் தெரியும். சேர்ந்த அன்னைக்கே சொன்னாரு: "ரெண்டு கம்ப்ளெயின் வரைக்கும் பொறுப்பேன் மகன். மூணாவது வந்தா கொழும்பு பஸ்ஸுல நானே ஏத்தி விடுவேன்."

மிஸ்டுக்கு ஒத்துக்காத பாட்டு

மொத கம்ப்ளெயின் அப்புத்தளையில இருந்து. பென்ஷன் வாங்குற டீச்சர் ஒருத்தங்க. மலையில மிஸ்டு, அதான் பனிமூட்டம், எறங்குனா பாட்டு விட்டு விட்டு வருது, அப்புறம் நின்னே போகுதுன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்திச்சி. பாட்டு என்ன துணியா, நனையிறதுக்கு? ஆனா போயி ஒக்காந்து பாத்தா, சொன்ன மாதிரியே மிஸ்டு எறங்குது, பாட்டு திக்குது, நிக்குது. மிஸ்டு கலையுது, பாட்டு வருது. எனக்கே பயம் புடிச்சிருச்சி. படிப்ப விட்டது தப்போன்னு அன்னைக்குதான் மொத தடவையா தோணிச்சி.

அடுத்த தடவ செட்ட விட்டுட்டு டீச்சர பாத்தேன். மிஸ்டு எறங்குன ஒடனே அவங்க காயப்போட்ட துணிய எடுக்க பின்பக்கம் ஓடுறாங்க. போன் அவங்க ஸ்வெட்டர் பைக்குள்ள! போன் தூரமா போனா பாட்டு அறுந்து போகும் டீச்சர், மிஸ்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு வெளக்கி சொன்னேன். கையில துணியோட நின்னு முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு சொன்னாங்க: "மிஸ்டு வந்ததாலதானே தம்பி நான் வெளிய போனேன்? சுத்தி வளைச்சி நான் சொன்னதத்தான் நீயும் சொல்ற."

ஆளுங்க வர வேணாம்

ரெண்டாவது, பண்டாரவளையில துணிக்கடை வச்சிருக்குற ஹாஜியார். இருக்குறதுலயே நல்ல குவாலிட்டி வேணும்னாரு. நான் போன்ல பாட்டு ஆப்ப தொறந்து, குவாலிட்டிய உச்சத்துல வச்சி, பெரிய ஸ்பீக்கர் ரெண்டையும் அவரு நாற்காலிய பாத்து திருப்பி வச்சிட்டு வந்தேன். சத்தம் கண்ணாடி மாதிரி. மறுநாளே கடைக்கு போன். பாட்டுக்காரரு வரிக்கு வரி மூச்சு வாங்குறாராம், யாரோ பின்னாடி பேப்பர் திருப்புறாங்களாம், வயலின்காரரு நாற்காலி கிறீச்சுங்குதாம். "அவருக்கு ஒடம்புக்கு முடியலையா தம்பி?"ன்னு கேக்குறாரு.

இல்ல ஹாஜியார், இதெல்லாம் எப்பவும் பாட்டுக்குள்ள இருந்ததுதான், இப்பதான் தெளிவா கேக்குதுன்னேன். அவரு நம்பல. திரும்ப போயி குவாலிட்டிய கொறைச்சி வச்சப்பறம்தான் மொகத்துல வெளிச்சம் வந்திச்சி. நல்ல குவாலிட்டிக்கு ஆசப்பட்டவங்க பாதிப் பேரு இந்த எடத்துலதான் வந்து நிப்பாங்க, உங்களுக்கும் நடந்திருக்கும். ஹாஜியார் என் தோள தட்டி சொன்னாரு: "இவ்வளவு தெளிவு எனக்கு தேவையில்ல தம்பி. பாட்டு மட்டும் வரட்டும், ஆளுங்க வர வேணாம்."

கரண்டு இல்லாம

மடுல்சீமை பக்கம் ஒரு தேயிலை தோட்டத்து லயம், வரிசையா ஒட்டி கட்டுன ஒத்த ரூம் வீடுங்க. அங்க கொழுந்து எடுக்குற செல்வமணி அக்கா ஒரு பொட்டி வாங்குனாங்க. அவங்களுக்கும் பக்கத்து காம்பரா வீட்டுல இருக்குற, த்ரீவீல் ஓட்டுற யோகன் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தையே கெடயாது. சண்டை சத்தத்தாலதான். அக்கா காலையில பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல வேலைக்கு பேரு குடுக்க, போறதுக்கு முன்ன சாமி பாட்டு போடுவாங்க, அண்ணன் அப்பதான் தூங்குவாரு. அண்ணன் சாயங்காலம் டான்ஸ் பாட்டு போடுவாரு, அக்கா அப்பதான் காலு நீட்டுவாங்க. அக்கா வாங்குனா அண்ணன் வாங்காம இருப்பாரா? ஒரே ஞாயித்துக்கிழம ரெண்டு வீட்டுலயும் பூட்டிட்டு, ஒரே லயத்துல ரெண்டு வேலைனு காலர தூக்கி விட்டுக்கிட்டு பஸ் ஏறுனேன்.

அடுத்த வாரம் கடைக்கு அக்காவோட போன். நானா ஸ்பீக்கர்ல போட்டாரு. அக்கா கத்துறாங்க. "தம்பி, செட்டுல சத்தத்த கொறைச்சா கொறைய மாட்டேங்குது. ப்ளக்க புடுங்கிட்டேன், அப்பவும் பாடுது!" மூணாவது கம்ப்ளெயின். மாமாவோட அரிசி மூட்ட கண்ணு முன்னாடி வந்து நின்னிச்சி. நானா போன வச்சிட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "கரண்டு இல்லாம பாடுற செட்டு நம்ம கடையில இருந்தா, அத நான் விப்பேனா மகன்? என் வீட்டுக்கில்ல கொண்டு போயிருப்பேன். போயி சரி பண்ணிட்டு வா. இல்லாட்டி உன் துணிமணிய எடுத்துக்கிட்டே வா."

ஒரே செவுரு

போனா, அக்கா வீட்டு செட்டுக்கு விபூதி பூசி எலுமிச்சம்பழம் கட்டியிருக்கு. லயமே வாசல்ல நிக்குது. யோகன் அண்ணன் அந்தப் பக்கம் குதிக்கிறாரு: "தம்பி, என் செட்டு விடியக்காலையில தானா சாமி பாட்டு பாடுது. அந்தம்மா என்னமோ செஞ்சிருச்சி!" அக்கா இந்தப் பக்கம்: "நான் எங்க செஞ்சேன்? சாயந்தரமானா என் வீட்டுல குத்துப் பாட்டு பாடுதே, அத யாரு செஞ்சா?" எனக்கு தலையும் புரியல, வாலும் புரியல.

அக்கா போன வாங்கி ஒரு பாட்ட போட்டேன். நல்லா கேட்டுச்சி. செட்டு மேல கைய வச்சேன். அதிர்வே இல்ல, ஐஸ் மாதிரி கெடக்கு. ஆனா பாட்டு கேக்குது! அதே நேரம் அந்தப் பக்கம் அண்ணன் கத்துறாரு: "இந்தா, திரும்ப ஆரம்பிச்சிருச்சி!" அப்பதான் பல்ப் எரிஞ்சிச்சி. ரெண்டு பொட்டியும் ஒரே கம்பெனி, போன்ல ரெண்டுக்கும் ஒரே பேருதான் காட்டும். அன்னைக்கு ரெண்டு வீட்டுலயும் பொட்டிய சொருகிட்டு, அப்புறமா அக்கா போன அண்ணன் செட்டுக்கும், அண்ணன் போன அக்கா செட்டுக்கும் இழுத்து விட்டிருக்கேன். சரி, டெஸ்ட் பண்ணும்போது தெரியலையான்னு கேப்பீங்க. ரெண்டு செட்டும் நடுச் செவுத்துக்கு முதுக காட்டிக்கிட்டு இருக்கு. செவுரு கூரை வரைக்கும் போகாது, சத்தம் மேல ஏறி வந்துரும். டவுன்காரன்னா கண்டுபுடிச்சிருப்பான். நான் லயத்துல பொறந்தவன், பக்கத்து வீட்டு பாட்டு நம்ம வீட்டுல கேக்கலன்னாதான் எனக்கு சந்தேகமே வரும்.

வெளக்கி முடிச்சதும் லயமே சிரிச்சிச்சி. அக்கா மட்டும் சிரிக்கல. எலுமிச்சம்பழத்த அவுத்துக்கிட்டே கேட்டாங்க: "அப்ப ஒரு வாரமா நான் இவனுக்கா சாமி பாட்டு போட்டேன்? புண்ணியமெல்லாம் யாரு கணக்குல தம்பி போயிருக்கும்?"

முழுசா சரி பண்ணிறாத

அவங்கவங்க போன அவங்கவங்க செட்டுக்கே மாத்தி குடுத்தேன். பழைய கனெக்‌ஷன அழிக்கப் போனப்ப அக்கா என் கைய புடிச்சாங்க. குசுகுசுன்னு: "அத அழிக்காத தம்பி. அவன் ஆட்டம் போடுறப்ப நான் இங்க இருந்தே நிறுத்திக்கிறேன்." அந்தப் பொட்டி அப்படித்தான், கடைசியா யாரு கூப்பிடுறாங்களோ அவங்க பின்னாடி போயிரும். அக்கா அண்ணன் செட்ட கூப்பிட்டுட்டு சும்மா இருந்தா, அண்ணன் பாட்டு கப்சிப். அழிச்சா நானாவுக்கு போன் போடுவேன்னும் சொன்னாங்க. அண்ணன் வீட்டுக்கு போனா, அவரும் கதவ சாத்திட்டு அச்சு அசலா அதையே சொல்றாரு, நானாவுக்கு போன் போடுறது உட்பட.

சரி பண்ணாலும் கம்ப்ளெயின், பண்ணாட்டியும் கம்ப்ளெயின். எதுக்கும் ரெண்டு பேரு போன்லயும் ரெண்டு செட்டையும் விட்டு வச்சேன். அக்காகிட்ட அண்ணன பத்தி சொல்லல, அண்ணன்கிட்ட அக்காவ பத்தி சொல்லல. பஸ்ஸுல வரும்போதே அம்மாகிட்ட மாமா நம்பர கேட்டு வச்சிக்கிட்டேன்.

மறுநாள் கடையில போன் அடிக்குது, அடிக்குது, நிக்கல. எல்லாம் அந்த லயம்தான். நானா ஒவ்வொன்னா எடுத்து "சரி, சரி"ங்கிறாரு, மொகம் மாறிக்கிட்டே போகுது. நான் பைய தோள்ல மாட்டிட்டேன். கடைசி போன வச்சிட்டு நானா அலமாரிய தொறந்து, இருக்குற ப்ளூடூத் பொட்டியெல்லாம் எடுத்து மேச மேல அடுக்குனாரு. நேத்து ராத்திரி அக்காவும் அண்ணனும் மாறி மாறி பாட்ட நிறுத்துனத லயமே பாத்திருக்கு. பக்கத்து வீட்டு பாட்ட நிறுத்துற பொட்டி எங்களுக்கும் வேணும்னு வரிசையா கேக்குறாங்களாம். அடுக்கி முடிச்சி, தலைய சொறிஞ்சிக்கிட்டே என்னைய பாத்தாரு: "பைய கழட்டி வையி மகன். மொதல்ல எனக்கு ஒன்னு சொல்லு, நாம என்னத்தடா விக்கிறோம்?"

வேலை நெலைச்சிருச்சிங்க, கொழும்பு பஸ்ஸு நான் இல்லாமத்தான் போகுது, ஆனா நான் பாக்குறது என்ன வேலைனு யாராவது கேட்டா மட்டும் இன்னும் முழிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.