அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள்

எங்கள் லைனில் சண்டை என்றால் வீட்டுக்குள் போடக் கூடாது. வாசலுக்கு வந்து, குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரிப் போட வேண்டும். உள்ளே முணுமுணுத்தால் தப்பு உன் மேல்தான் என்று அர்த்தம். மைன்ஸ், அதாவது கோலார் தங்கச் சுரங்கம், கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள், ஒருத்தர் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஊரே சாட்சியாக நிற்க, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு உள்ளே போனால்தான் அது சண்டை. அதில் நான் பேர் போனவள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் என் வாய்க்கு ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

ஊரிகம் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை எனக்கு. கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் லைனில் பாதிப் பேருக்கு இமெயில் திறந்து கொடுத்தது நான்தான். கேஸ், ரேஷன், பென்ஷன், பிள்ளைகளின் காலேஜ் என்று எதற்கெடுத்தாலும் இப்போது இமெயில் கேட்கிறார்களே. பதினேழு வீட்டு விலாசங்களும் என்னிடம் இருந்தன.

போன வருஷம் மழைக்கு முன்னால் இமெயிலில் அந்தக் கடிதம் வந்தது. தங்கச் சுரங்கம் மறுபடி திறக்கப் போகிறதாம். பழைய தொழிலாளர்களின் வாரிசுகளுக்கு முதல் இடமாம். மேலே சிங்கத் தலை முத்திரை, கீழே ஒரு பெரிய கையெழுத்து, நடுவில் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு வரி. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிற அத்தனை பேருக்கும் அது ஆசை. இந்தத் திருடன் சரியாக அங்கேயே கை வைக்கிறானே என்று பல்லைக் கடித்தேன்.

அழித்துவிட்டுப் போயிருக்கலாம். போலீசுக்கு அனுப்பியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலுக்கு வந்தேன். அதாவது, அவனுக்குப் பதில் எழுதி, லைனில் உள்ள பதினேழு விலாசத்தையும் அதே கடிதத்தில் சேர்த்து அனுப்பினேன். நான் இவனை வாங்குகிற வாங்கை எல்லோரும் பார்க்கட்டும் என்று. சாட்சி இல்லாத சண்டை எனக்குப் பழக்கமில்லை.

வேலைக்கு ஆசைப்படுகிற மகள் மாதிரி நடித்தேன். “என் அப்பா டிம்பர்மேன், சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. எனக்கு என்ன வேலை தருவீர்கள்?” என்று கேட்டேன். அவன் உடனே தேன் ஒழுக எழுதினான். நான் இழுத்தடித்தேன். ஒரு நாள் ஸ்கேன் மிஷின் ரிப்பேர் என்றேன், ஒரு நாள் பேங்குக்கு லீவு என்றேன். காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் அதையே பேசினார்கள்.

“இன்னாம்மா, நேத்து அவன் இன்னா எழுதினான்?”

“அழுதுக்கினு கீறான். சீக்கிரம் கட்டு, சீட்டு போயிடும்ன்றான்.”

“விடாத. இன்னும் நாலு நாளு சுத்த வுடு.”

அந்தச் சிரிப்பு எனக்குப் போதை ஏற்றியது. வெறும் இழுத்தடிப்பு சலித்துப்போய் அவன் தப்பைத் திருத்த ஆரம்பித்தேன். அவன் ‘லிஃப்டில் இறங்கி’ என்று எழுதியிருந்தான். “முட்டாளே, அது லிஃப்ட் இல்லை, கேஜ், இரும்புக் கூண்டு. பொய் சொல்வதையாவது ஒழுங்காகச் சொல்” என்று எழுதினேன். ‘டனல் வாசல்’ என்றான். நேர் கீழே இறங்குகிற குழியை ஷாஃப்ட் என்று சொல்லடா என்றேன். எந்த ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, சங்கு எப்போது ஊதும், மைசூர் மைன்ஸ்காரர்கள் எந்தப் பக்கமாக நடந்து வருவார்கள், எல்லாம் விளக்கினேன். ஒரு தடவை டோக்கன் நம்பர் கேட்டான், தொழிலாளி ஒவ்வொருவருக்கும் மைன்ஸ் கொடுத்திருந்த பித்தளை வில்லையின் நம்பர். வாயில் வந்த நம்பரைப் போட்டிருக்கலாம். நான் என் மாமாவுடைய நம்பரை எழுதினேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அக்கா பக்கத்து வீடு. அவர் தரைக்கு அடியில் முப்பத்தெட்டாவது லெவலில் டிம்பர்மேனாக இருந்தவர். மூடிய பிறகு ஆறு வருஷம் இருமி இருமிச் செத்தார். அவருடைய பித்தளை டோக்கன் அக்கா வீட்டுச் சுவரில், புத்தர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். தினமும் பார்ப்பதால் நம்பர் எனக்கு மனப்பாடம். நம்பர் மட்டுமா எழுதினேன்! உள்ளே ராக் பர்ஸ்ட் ஆகி, பாறை வெடித்துச் சிதறிய ஒரு ராத்திரி, கூட வேலை பார்த்தவரை முதுகில் சுமந்து கேஜ் வரைக்கும் கொண்டுவந்தார் மாமா. அதையும் எழுதினேன். கதை நன்றாக இருக்கும் என்றுதான். பேர் மட்டும் போடவில்லை. படித்தவர்கள் எல்லாம் என் கற்பனை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவனிடமிருந்து பதில் இல்லை. ஓடிவிட்டான் என்று குழாயடியில் அறிவித்தேன். கை தட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிறேன், பக்கத்து வீட்டில் அக்கா மகள் இருக்கிறாள். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் ஆபீசில் கணக்கு எழுதுகிற பெண். காலை ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் முகம் பார்க்க முடியும். அந்த வேலையில்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். “இன்னாடி, லீவா?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அக்கா கையில் மைசூர்பாக்கு டப்பா.

“வாயத் தொற. வேலைய வுட்டுட்டா. இங்கியே கெடச்சிடுச்சி. அவங்கப்பா மைன்ஸ்லியே.”

டப்பாவைத் தள்ளிவிட்டு போனைக் கேட்டேன்.

அவள் காட்டினாள். அதே சிங்கத் தலை. ஆனால் கடிதம் மாறியிருந்தது. லிஃப்ட் இல்லை, கேஜ். டனல் இல்லை, ஷாஃப்ட். ஷிஃப்ட் நேரம் சரியாக இருந்தது. உங்கள் குடும்பத்துப் பெரியவர், இந்த டோக்கன் நம்பர்க்காரர், முப்பத்தெட்டாவது லெவலில் உழைத்ததையும் தோழரை முதுகில் சுமந்து காப்பாற்றியதையும் நிர்வாகம் மறக்கவில்லை என்று எழுதியிருந்தது. ஆணை கையில் வரும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது. என் வாக்கியங்களைத்தான் கொஞ்சம் மரியாதை சேர்த்து அடுக்கியிருந்தான் படுபாவி.

பதினேழு பேருக்கும் அதையே அனுப்பியிருக்கிறான். விலாசங்களைத் தட்டில் வைத்துக் கொடுத்தவள் நான். மற்றவர்கள் என் கலாட்டாவின் மிச்சம் என்று சிரித்து விட்டுவிட்டார்கள். இவளோ என் பழைய கடிதம் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. ரயிலில் நின்றுகொண்டு தூங்குகிறவளுக்குச் சித்தியின் சண்டை எதற்கு? அக்காவுக்கும் முட்டி வலி. குழாயடிக்கு வருவதில்லை, தண்ணீர் நான் பிடித்துக் கொடுப்பேன்.

“என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலியே அக்கா!”

“கேட்டா நீ கத்துவ. ஊரு பூரா தெரியும்.” அக்கா டோக்கனைத் துடைத்து மறுபடி மாட்டியிருந்தாள். “அவரு நம்பர வச்சிக்கினு கீறாங்க பாருடி. அவரு தூக்கிக்கினு வந்தத எழுதிக்கீறாங்க. செத்தப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கல. இப்பவாவது நெனச்சாங்களே.”

அந்த வாரமே கோலாரில் மெடிக்கலாம். முன்பு கட்டியது போக, அதற்குத் தனியாக ஒரு கட்டணம். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பொய் கடிதம், ஏமாற்றுக்காரன், வேலையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள். “பொய்னா அந்த நம்பரு அவனுக்கு எப்டி தெரியும்? சொல்லு பாக்கலாம்” என்றாள். அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. மைன்ஸ் ஆபீசில் எங்கேயாவது பழைய ரெஜிஸ்டர் எடுத்திருப்பான் என்று சமாளித்தேன். தூ, என்ன ஜென்மம் நான்.

அக்கா மகள் மறுநாளே பெங்களூருக்கு ஓடினாள். அவள் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் என்ன செய்வார்? திரும்பி வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். “எங்கப்பாவ யூஸ் பண்ணிட்டான் சித்தி” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

ராபர்ட்சன்பேட்டை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். அக்காவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். அவனோடு லைனில் யாராவது முன்பு எழுதிப் பேசியிருந்தால் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டு வரச் சொன்னார். மறுநாள் அக்காவோடு எடுத்துக்கொண்டு போனேன், நாற்பத்தொரு பக்கம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, இதெல்லாம் அவனுக்கு யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று கன்னடத்தில் கேட்டார்.

அக்காவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். என் பக்கம் திரும்பினாள். அதிகாரி அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துச் சொன்னார், டோக்கன் நம்பர், ராக் பர்ஸ்ட், முதுகில் சுமந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேஸ் எழுதிக்கொண்டார்கள். ஆள் கிடைப்பது கஷ்டம் என்றும் மறைக்காமல் சொன்னார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். மைசூர் மைன்ஸ் ஸ்டாப்புக்கு முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

“அப்போ அவர யாரும் நெனைக்கல.”

“நான் நெனச்சிதான்க்கா...”

“அவன் திருடன். காசுக்கு எழுதினான். அது புரியுது எனக்கு.” குரலை உயர்த்தவே இல்லை. “நீ இன்னாத்துக்குடி எழுதின? கொழாயாண்ட எல்லாரும் சிரிக்கறதுக்கா?”

ஸ்டாப் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்தாள். நான் நீட்டிய கையைத் தொடவில்லை.

“ஆமாக்கா” என்றேன்.