மானாம்பதியில் நாங்கள் பிடிக்கச் சொன்ன பாம்பு

உத்திரமேரூருக்கு எப்படிப் போவது என்று கேட்டு இந்த வாரம் மூன்று பின்னூட்டங்கள். வழி சொல்கிறேன். கூடவே, 2006 பிப்ரவரியில் நானும் அலுவலக நண்பன் சேகரும் அங்கே செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதத் தைரியம் வரவில்லை.

செங்கல்பட்டில் காலை ஏழரைக்குப் பேருந்து ஏறினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரப் பயணம். கல்வெட்டுக் கோயிலுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். (எழுத்துகளை விரலால் தடவாதீர்கள்.) பதினோரு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம்.

ஆட்டோக்காரர் பாபு கேட்டார்: "பாம்பு புடிக்கிறத பாக்கறீங்களா சார்? மானாம்பதியாண்ட ஒருத்தர் கீறாரு. நூறு ரூபா குட்தா போதும்." சேகர் கையில் புது டிஜிட்டல் கேமரா. இருவருமே தலையாட்டினோம்.

ஊருக்கு வெளியே ஏழெட்டு இருளர் குடிசைகள். பாபு சொன்ன முனியன் கரும்பு வெட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நூறு ரூபாய் அவருடைய ஒருநாள் கூலியைவிட அதிகம் என்பதால் நின்றார். அவர் மனைவி கன்னியம்மா, "வாணாம், வேலைக்கு நேரமாவுது" என்றார். கேட்டும் கேட்காததுபோல நாங்கள் நடந்தோம்.

வரப்போரம் ஒரு வளையைக் கடப்பாரையால் தோண்டி, கால்மணி நேரத்தில் ஒரு கண்ணாடி விரியனை வெளியே எடுத்தார். சேகர் இரண்டு படம் எடுத்ததும், "உட்றலாம் சார், கோவமா கீது" என்றார் முனியன். நான்தான் சொன்னேன்: "அண்ணே, தலையைப் பிடிச்சு ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் காட்டுங்க."

வலது கட்டைவிரலில் கடித்துவிட்டது. அவர் கத்தவில்லை. பாம்பைப் புதரோரம் விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

உத்திரமேரூரில் விஷமுறிவு ஊசி போட்டு, செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். சேரும்போது மணி இரண்டே கால். கை முழங்கைவரை வீங்கி, ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வார்டு வாசலில் கன்னியம்மாவிடம், "பாம்பு பிடிக்கிறவர்தானேன்னு நினைச்சோம்மா" என்று உளறினேன்.

"புடிப்பாரு சார். வூட்டாண்ட வந்தா புடிப்பாரு, தூரமா கொண்டும்போயி உட்டுட்டு வருவாரு. இது பாட்டுக்கு வளையில பட்த்துக்கினு இருந்திச்சு. நீங்க இன்னாத்துக்கு கேட்டீங்க?"



பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது, கட்டைவிரல் போனது. ஜூனில் மறுபடி போனேன். கத்தி பிடிக்க முடியாததால் முனியனைக் கரும்பு வெட்ட யாரும் கூப்பிடுவதில்லை. கன்னியம்மா மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முனியன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நல்லா கீறீங்களா சார்?" என்றார். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: கோயிலைப் பாருங்கள். அரை நாள் மிச்சமிருந்தால் திருமுக்கூடலுக்குப் போய் ஆற்றோரம் நடங்கள். கொண்டுபோன பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். பாம்பு, உடும்பு, எதைப் பிடித்துக் காட்டுவதாக யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இரக்கப்பட்டுக் காசு கொடுப்பதாக நினைத்துக்கூடச் சம்மதிக்காதீர்கள். அன்றைய கூலியைவிட அதிகம் நீட்டினால் அவர்களால் மறுக்க முடியாது. நம்மால் முடியும்.