பழியை வரி அலுவலகத்தின் மேல் போட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூர் தேக்காவில் நான் வேலை பார்க்கும் உணவகத்தின் மாடி அறையில் நடந்தது இது. கீழே சமையலறை, மேலே முதலாளியின் அறையும் என் மேசையும். சம்பளம், வேலை அனுமதி, வரிப் படிவங்கள் எல்லாம் என் பொறுப்பு. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஈசூனில் வீடு. படிவம் நிரப்புவதெல்லாம் எனக்கு ஒரு வேலையாகவே தெரியாது. டீ குடித்துக்கொண்டே முடித்துவிடுவேன்.

எங்களிடம் ஒன்பது வருடம் சமைத்த ஒருவர் ஊருக்கே திரும்பிப் போக முடிவெடுத்தார். துறையூர்ப் பக்கம். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது, சொந்தமாக டிபன் கடை போடப் போகிறேன் என்று போனில் படம் காட்டினார். பூட்டிக் கிடந்த ஷட்டர், அவ்வளவுதான் படத்தில் இருந்தது. அதையே எல்லாரிடமும் காட்டினார். அடுப்பு எங்கே, கல்லா எங்கே என்று ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தார். கடையின் சொந்தக்காரர் மாதக் கடைசி வரை அட்வான்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் வரி அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அனுமதி வரும்வரை அவருடைய கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம் எதையும் கொடுக்கக் கூடாது. கடை அட்வான்ஸுக்கு அவர் நம்பியிருந்ததும் அந்தப் பணத்தைத்தான். நானும் அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிட்டது. திறந்து, இரண்டு தடவை படித்தேன்.

அதே பெயரில் எங்கள் சமையலறையில் இன்னொருவர் இருக்கிறார், பரோட்டா போடுகிறவர். நான் அவருடைய அடையாள எண்ணை எழுதி அனுப்பியிருந்தேன். எங்கேயும் போகாத ஆளுக்கு அனுமதி வந்திருந்தது. போகிறவருக்கு ஒன்றுமே அனுப்பப்படவில்லை.

உடனே போன் செய்தேன். பாட்டைக் கேட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எடுத்த பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நீங்கள் அனுப்பியதில் பிழை எதுவும் இல்லையே என்றார். எண்ணும் பெயரும் பொருந்தின. ஆள்தான் வேறு. முதலில் பழைய படிவத்தை ரத்து செய்யக் கடிதம் கொடுங்கள், அது முடிந்த பிறகு புதிய படிவம் என்றார். கடிதம் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, முதலாளி கையெழுத்து வேண்டும் என்று பதில் வந்தது. மறுபடி போன், வேறு ஒருவர், மறுபடி முதலிலிருந்து கதை. கேட்பவருக்கு அது ஒரு எண். எனக்கோ, கீழே சமையலறையில் அந்த மனிதர் சாம்பாருக்குத் தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மதியம் மாடியேறி வந்து நின்றார். “அக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?”

“வரி ஆபீஸ்ல லேட் பண்றாங்க தம்பி. நான் டெய்லி போன் அடிக்கிறேன் லா.”

போன் அடித்தது உண்மைதான். தவறு யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய வருடம்தான் வேறொரு படிவத்தில் நான் தவறு செய்ததற்கு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் முதலாளியிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். கையெழுத்து வாங்கும்போது, அங்கே ஏதோ குழப்பம் என்றேன். அவர் படிக்காமலே போட்டுக் கொடுத்தார்.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. பணம் கைக்கு வராமலே அவர் விமானம் ஏறினார். கிளம்பும் அன்று எனக்கு ஒரு டப்பாவில் அதிரசம் செய்து கொடுத்துவிட்டு, “எனக்காக ரொம்ப அலையுறீங்கக்கா” என்றார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அனுமதி வந்து பணத்தை அனுப்பியபோது அடுத்த மாதம் பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. கடை, செல்போன் விற்கிற ஒருவருக்குப் போய்விட்டது. வேறு இடம் தேடினார், அமையவில்லை. கையிலிருந்த பணம் வீட்டுச் செலவில் கரைந்தது. ஒரு வருடம் கழித்து கத்தாரில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமைக்கப் போய்விட்டார் என்று பரோட்டா போடுகிறவர்தான் சொன்னார். இனிமேல் கடல் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தாரிலிருந்து கூப்பிட்டார். நான் காய்கறிப் பையோடு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றிருந்தேன். அங்கே ஏதோ பேப்பர் பிரச்சினையாம், யோசனை கேட்டார். பேச்சோடு பேச்சாக, “இங்க உங்கள மாதிரி ஆளுங்க இல்லக்கா. அன்னைக்கி நீங்க இல்லன்னா என் காசே வந்திருக்காது” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எண்ணை மாற்றி எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். வரி அலுவலகத்தில் தவறே இல்லை, நான் பயந்துபோய் மறைத்துவிட்டேன் என்றேன்.

காய்கறிப் பையைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா. நம்ம கடையில நடந்த தப்புன்னா, முதலாளி கையில கால்ல விழுந்தாவது அட்வான்ஸுக்கு மட்டும் கைமாத்தா வாங்கியிருப்பேன். கவர்மென்ட் ஆபீஸ்னு சொன்னீங்க. அங்க போய் நான் யாரக் கேட்கிறது? அதான் சும்மா இருந்துட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கேட்ட யோசனையைக்கூட வாங்கிக்கொள்ளாமல், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அதன்பிறகு கூப்பிடவில்லை. தீபாவளிக்கு நான் அனுப்பிய வாழ்த்தைப் பார்த்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் இல்லை.

முதலாளி பணம் கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க அந்தத் தம்பிக்கு ஒரு வழி இருந்தது, அதை நான் அடைத்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லும்வரை, எண்ணைத் தவறாக எழுதியதற்காக மட்டும்தான் வருந்திக்கொண்டிருந்தேன். இப்போது ஏதாவது தவறு செய்தால் அன்றைக்கே சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம், இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே என்று தோன்றும், அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுக்காமல் போனது நெஞ்சை அறுக்கும்.