பரங்கிப்பேட்டைப் போர்க்களமும் மூன்று போன் அழைப்புகளும்

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தப் பில்லை எடுத்தாலும் எங்கேயோ இடிக்கிறதே என்று தேடித் தேடியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஊர் சுற்றப் போனாலும் அந்தப் புத்தி கூடவே வருகிறது, என்ன செய்ய?

கல்லூரித் தோழிகள் எட்டுப் பேர் வேன் எடுத்துக்கொண்டு கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய போர்க்களங்களைப் பார்ப்பதாகத் திட்டம். யோசனை என்னுடையது. ஆகவே முன்கூட்டிப் போய் வழி பார்த்து வரும் வேலையும் என் தலையில் விழுந்தது. 2010 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினேன். இண்டிகா கார், நாள் முழுக்க டீசலோடு 1,400 ரூபாய், டிரைவர் பேட்டா 150. டிரைவர் முருகையனுக்கு நாற்பது வயதிருக்கும்.

முதலில் தேவனாம்பட்டினம், நான்கு கிலோமீட்டர். கும்பினிக்காரர்களின் (கிழக்கிந்தியக் கம்பெனிதான்) கோட்டையில் மிச்சமிருப்பது கெடிலம் ஆற்றோரம் ஒரு பாழடைந்த கட்டடமும் கொஞ்சம் சுவரும்தான். இருபது நிமிடம் போதும். அங்கே காரின் பானெட் மேல் என் மேப்பை விரித்தேன். பழைய போர் வரைபடத்தின் ஜெராக்ஸ் அது. பார்க்க வேண்டிய இடங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தேன். முருகையன் அதை எட்டிப் பார்த்தார். உடனே பத்தடி தள்ளிப் போய், வாயைப் பொத்திக்கொண்டு யாருக்கோ போன் பேசினார்.

எனக்கு அப்போதே மணியடித்துவிட்டது. ஏதாவது கடையில் கமிஷனா, அல்லது அதைவிட மோசமா? கார் நம்பரை வீட்டுக்காரருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்.

எட்டு மணிக்கு ஆலப்பாக்கத்தில் டீ. மறுபடியும் போன்.

“யாருண்ணே?”

“ஊட்ல மேடம்.”

வீட்டில் பேச எதற்குக் குசுகுசுப்பு? வண்டி ஓடும்போது கண்ணாடி வழியாக அடிக்கடி பின்னால் பார்த்தார். என்னையல்ல, மடியில் இருந்த மேப்பை. கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர், ஒன்பதேகாலுக்குப் பரங்கிப்பேட்டை. அங்கே மூன்றாவது போன்.

1781-இல் சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போய்த் தோற்ற கும்பினிப் படை, இந்தப் பக்கத்து மணல்மேடுகளில்தான் மைசூர்ப் படையோடு மோதி ஜெயித்தது. அந்த இடத்தைத்தான் தேடினேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரம் கார் நின்றது. (நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர், புன்செய் நிலத்துக்குக் கொல்லை.) வரப்பில் ஐந்து பெண்கள் களைக்கொத்தோடு நின்றிருந்தார்கள். யாரும் களை வெட்டவில்லை. எனக்காகவே காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் இரண்டு போட்டோ எடுத்துவிட்டேன்.

முன்னால் வந்த அம்மாவின் பெயர் அஞ்சலை, கொல்லை அவருடையது. “எந்த ஆபீஸுலேருந்து வர்ற? எங்க கொல்லைய ஏன் செவப்பு இங்க்ல சுழிச்சு வச்சிருக்க?”

“ஆபீஸ் இல்லைங்கம்மா. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க பெரிய சண்டை நடந்துச்சு. அதைப் பாக்க வந்தேன்.”

“சண்டைன்னா? நெலத்துக்கா?”

“ஒரு வகையில ஆமாம்.”

“யாரு கெலிச்சா?”

“கும்பினிக்காரன்.”

“இங்க வெள்ளாம பண்ணிக்கினு இருந்தவுங்க என்னா ஆனாங்க?”

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். ஒன்றிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

முருகையன் காரை விட்டு இறங்கி வந்தார். “நாந்தான் போன் பண்ணுனேன் மேடம். இவுங்க என் மாமியா. எங்க ஊருக்கும் இப்பிடித்தான் மேப்போட ஒருத்தரு வந்தாரு, கொக்கு பாக்க வந்தேன்னாரு. நாந்தான் வண்டியில சுத்திக் காமிச்சேன். ரெண்டு வருசத்துல எங்க கொல்லைய எடுத்துக்கினு சுத்திக் கம்பிவேலி போட்டுட்டாங்க. எங்கப்பா சாவுற வரைக்கும் எங்கிட்ட பேசல.”

எனக்குக் கோபம் வந்தது உண்மை. என்னைப் போய்ச் சந்தேகப்படுவதா? காலையிலிருந்து நான் அந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்தேன் என்பது உறைத்ததும் வெட்கமாகிவிட்டது. போட்டோக்களை அஞ்சலையின் கண்முன்னே அழித்தேன். மேப்பை அவரே வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நீ நல்லவளாவே இருந்துட்டுப் போ. இது எங்கிட்ட இருக்கட்டும்,” என்றார்.

அங்கிருந்து சிதம்பரம் 18 கிலோமீட்டர். நடை பன்னிரண்டுக்குச் சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். மதிலோரமாக ஒரு சுற்று நடந்தால், கோயில் எப்படிக் கோட்டையானது என்று புரியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இண்டிகாவில் மூன்று பேர் தாராளமாகப் போகலாம்.

பரங்கிப்பேட்டையில் எந்தத் திருப்பம், எந்தத் தோப்பு என்று நான் எழுதவில்லை; தோழிகளின் திட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். பின்னூட்டத்தில் வழி கேட்காதீர்கள். வெறும் வரலாற்று ஆர்வம்தான் என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த வரப்பில் நின்று நானும் உண்மையைத்தான் சொன்னேன். நம்பி ஏமாறுவதற்கு அவர்களிடம் இன்னொரு கொல்லை இல்லை.